தாழ்ப்பாள் வரை வந்தவர்

ஐந்து நட்சத்திரம் என்று யார் சொன்னாலும் எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. ஹோட்டலுக்கு ஐந்து, டாக்ஸிக்கு ஐந்து, செருப்புக்கு ஐந்து. கொடுக்கிறவனுக்குக் கை வலிப்பதில்லை, வாங்குகிறவனுக்கு வெட்கம் கிடையாது. என் அண்ணிக்கும் முப்பத்துச் சொச்சம் பேர் ஐந்து ஐந்தாக அள்ளிக் கொடுத்தார்கள். அத்தனை பேரையும் வரிசையில் நிற்க வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அண்ணியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றில் புகார் கேட்பது அவர் வேலை. காலையில் காதில் ஹெட்போனை மாட்டினால் சாயங்காலம் வரை வசவுதான். மெஷின் தண்ணீர் எடுக்கவில்லை, துணி பிழியும்போது மெஷினே நடந்து சமையலறைக்கு வருகிறது, போன வாரம் வருகிறேன் என்ற மெக்கானிக் செத்தானா பிழைத்தானா. எல்லாவற்றையும் கேட்டு முடித்து, "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிக்கவும்" என்று சொல்ல வேண்டும். அதோடு விட்டார்களா? "எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும். மெஷின் மேல் இருக்கிற கோபத்தில் அவர்கள் ஒன்றைக் கொடுப்பார்கள். மெஷினுக்கு ஒன்றும் ஆகாது. மாதக் கடைசியில் மேலாளர் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு அண்ணியைத்தான் கேட்பார்.

இத்தனை வருஷம் அந்த வேலை பார்த்து அவருக்கு மன்னிப்புக் கேட்பது மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது. இருட்டில் நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடமே "ஸாரி" என்பார். வீட்டில் குரல் உயர்ந்ததே இல்லை. அந்தக் குறையை நான் தீர்த்து வைக்கிறேன். நாத்தனாரான எனக்கு அவர் வைத்த பெயர் பட்டாசு. அவர்கள் குடியிருக்கிற கட்டடத்தின் கீழ்த் தளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் குரல் மூன்றாவது மாடி வரை கேட்கும் என்று அண்ணன் சொல்வான். கேட்கட்டுமே.

அந்த அண்ணி ஒரு நாவல் எழுதினார். சாப்பாட்டு இடைவேளையில், ஆபீஸ் மாடிப்படித் திருப்பத்தில், தண்ணீர் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, செல்போனில் கட்டை விரலால் எழுதினார். பெயர் 'காத்திருக்கவும்'. புகார் கேட்கிற ஒரு பெண். தினமும் அவளைக் கூப்பிட்டுத் திட்டுகிற ஒரு ஆள். ஒரு நாள் அவள் அவனுடைய விலாசத்தைத் தேடி வீட்டுக்கே போய்விடுகிறாள், "ஏன்யா என்னை இப்படித் திட்டறே?" என்று நேரில் கேட்க. நான் என் கடையிலேயே பிரதி எடுத்துப் படித்தேன். வாடிக்கையாளர் ஒருவர் ஆதார் நகல் எடுக்க வந்து நின்றுகொண்டே இருந்தார், கவனிக்கவே இல்லை. சும்மா சொல்லக் கூடாது, அவ்வளவு நன்றாக இருந்தது.

பதிப்பகங்கள் பதில் போடவில்லை. சரி, நாமே இணையக் கடையில் போட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. ஏற்றுகிற வேலையை அண்ணன் எடுத்துக்கொண்டான். சரக்குக் கிடங்கில் மேற்பார்வை பார்க்கிறவன், கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று அவனுக்கே ஒரு நினைப்பு. அண்ணியின் போனில் 'முடிவு', 'முடிவு புதியது', 'இதுதான் முடிவு' என்று மூன்று கோப்புகள் இருந்தன. அவன் ஒன்றை ஏற்றினான். எதை ஏற்றினான் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

புத்தகம் வந்தது. வந்து, போட்ட இடத்தில் அப்படியே கிடந்தது. ஒரு குஞ்சு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. நான் சும்மா இருப்பேனா? அட்டைப் படத்தோடு, பக்கத்தில் செருகி வைக்கிற புத்தகக் குறி அச்சடித்து, போனைக் காட்டினால் புத்தகம் திறக்கிற கட்டத்தையும் அதில் போட்டு, கடைக்கு வருகிற எல்லோருக்கும் கொடுத்தேன். ஒருவர் அதை மடித்து ஆடுகிற மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்தார், அதுவும் என் மேஜைக்கே. ஒரு அம்மாள் அதன் முனையால் காது குடைந்துகொண்டே, "உங்க அண்ணி எழுதினதா? பரவாயில்லையே!" என்றார். அண்ணியின் ஆபீஸில் எல்லோரும் படிக்கிறேன் படிக்கிறேன் என்றார்கள். சொந்தக்காரர்கள் கட்டை விரல் படம் அனுப்பினார்கள். ஒரு நாள் இலவசமாகக் கொடுத்துப் பார்த்தோம். நிறைய பேர் இறக்கிக்கொண்டார்கள். இறக்கினார்களே தவிர யாரும் வாயைத் திறக்கவில்லை.

விமர்சனம் இல்லாத புத்தகத்தை இணையக் கடை யாருக்கும் காட்டாதாம். காட்டாத புத்தகத்தை எவன் படித்து விமர்சனம் எழுதுவான்? இந்த நியாயத்தைக் கண்டுபிடித்தவன் என் கையில் கிடைக்க வேண்டும்.

அப்போதுதான் அண்ணன் எங்கிருந்தோ ஒரு வாட்ஸாப் குழுவைப் பிடித்துக்கொண்டு வந்தான். சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்கள் கூடி ஒருவரை ஒருவர் கை தூக்கி விடுகிறார்களாம். நடத்துகிறவரை எல்லோரும் தலைவர் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் தன் புத்தகத்தின் சுட்டியைப் போடுவார். பொழுது சாய்வதற்குள் மற்ற எல்லோரும் போய் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, நாலு வரி எழுதி, அதைப் படம் பிடித்துக் குழுவில் காட்ட வேண்டும். காட்டாதவரின் முறை தள்ளிப் போகும். ஒரே பகலில் ஒரு நாவலை எப்படிப் படிப்பது என்று கேட்கிற பழக்கம் அங்கே இல்லை.

கேட்டவர் அண்ணி ஒருவர்தான். ஒவ்வொரு புத்தகத்தையும் வாங்கி, பஸ்ஸில் நின்றுகொண்டு படித்து, பிடித்ததைப் பிடித்தது என்றும் இடித்ததை இடித்தது என்றும் பதமாக எழுதுவார். அதற்குள் தலைவரின் குரல் செய்தி வந்துவிடும். "மேடம், உங்க படம் இன்னும் வரல. எல்லாரும் உங்களுக்காகக் காத்திட்டிருக்காங்க. இவ்ளோ எழுதணும்னு அவசியமில்ல மேடம்."

அண்ணியின் ஞாயிறு வந்தது. பொழுது சாய்வதற்குள் முப்பத்துச் சொச்சம் விமர்சனம். எல்லாம் ஐந்து. அண்ணனுக்குத் தலை கால் புரியவில்லை. மூன்று மாடியும் இறங்கி வந்து என் கடையில் நின்று சத்தம் போட்டுப் படித்தான். அண்ணியும் அன்றைக்குச் சிரித்த சிரிப்பை நான் பார்த்தேன். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

மறுநாள் சாப்பாட்டு மேஜையில் அவர் ஒவ்வொன்றாகத் திரும்பப் படித்தார். 'கீழே வைக்க மனம் வரவில்லை' என்று ஏழெட்டுப் பேர். 'கடைசி அத்தியாயம் கண்களைக் குளமாக்கியது' என்று நாலு பேர். கதாநாயகியின் பெயர் ஒன்றில்கூட இல்லை.

"இதுல ஒருத்தராவது படிச்சிருப்பாங்களா?" என்று கேட்டார்.

"நல்லா வந்திருக்கு, சந்தோஷப்படேன். எதுக்கு நோண்டறே?" என்றான் அண்ணன்.

"எனக்கு முப்பது பேர் வேண்டாங்க. முகம் தெரியாத ஒரே ஒருத்தர் கடைசி வரைக்கும் படிச்சாங்கன்னு தெரிஞ்சாப் போதும், ரெண்டாவதை எழுதி முடிச்சிடுவேன். இல்லன்னா எதுக்கு? லைன்ல ஆளே இல்லாம நாள் பூரா ஹலோ ஹலோன்னு சொல்லிட்டிருக்கிற மாதிரி இருக்கு."

ரெண்டாவது நாவலை ஆரம்பித்து நாலைந்து அத்தியாயம் எழுதியிருந்தார். அந்த வாரத்தோடு அது நின்றது. இடைவேளையில் மாடிப்படிக்குப் போவதை விட்டுவிட்டு மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் கேட்கச் சகிக்கவில்லை.

பிறகு ஒரு நாள், அண்ணி ஆபீஸில் இருந்த நேரத்தில், அந்த ஒற்றை நட்சத்திரம் வந்தது. 'பழைய ரேடியோ' என்ற புனைபெயரில் எவரோ எழுதியிருந்தார். முதல் வார்த்தையே 'மோசடி'. அதைப் பார்த்ததும் அண்ணன் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டான். அடுத்த நிமிஷம் படைதிரட்டக் கிளம்பிவிட்டான். மாமா, சித்தப்பா, கிடங்கில் லாரி ஓட்டுகிறவர்கள், பத்து வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாத பெரியம்மா மகன் வரைக்கும் போன் போட்டான். விமர்சனத்துக்குக் கீழே 'தவறான கருத்து என்று புகார் செய்' என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதை எல்லோரும் அமுக்கினார்கள். ஒரு குடும்பமே ஒற்றுமையாக ஒரு காரியம் செய்தது அதுதான் முதல் தடவை. மறுநாள் சாயங்காலம் விமர்சனம் காணாமல் போய்விட்டது.

அப்போது நானும் மேலே அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். அண்ணி வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அவன் மார்தட்ட ஆரம்பித்துவிட்டான். "ஒரு பொறாமை பிடிச்சவன் வந்தான். ஒரே நாள்ல தூக்கிட்டோம்ல!"

"என்ன எழுதியிருந்தாரு?"

"அதெல்லாம் உனக்கு எதுக்கு? மனசு கஷ்டப்படும்."

"எனக்கு வர்ற திட்டை எனக்குக் காட்டுங்க. நாள் பூரா வாங்கறதுதானே?"

சொந்தக்காரர்களுக்கு அனுப்பப் படம் பிடித்து வைத்திருந்தான். அதை எடுத்து வேண்டாவெறுப்பாகப் படித்தான்.

"மோசடி. நேரம் போவது தெரியாமல் படித்துக்கொண்டு வந்தேன். அவள் படியேறுகிறாள், மணியை அமுக்குகிறாள், உள்ளே செருப்புச் சத்தம் கேட்கிறது, 'தாழ்ப்பாள்' என்று ஒரு வார்த்தை, அதோடு புத்தகம் முடிந்துவிட்டது. கதவைத் திறந்தது யார்? மீதிக் கதையைத் தனியாக விற்கிற தந்திரமா? இத்தனை தூரம் அவள் கூட வந்தவனை வாசலில் நிறுத்திவிட்டார்கள்."

அண்ணி நின்ற இடத்திலேயே தன் போனை எடுத்து, இணையக் கடையில் இருந்த புத்தகத்தைத் திறந்து, கடைசிப் பக்கத்துக்குப் போனார். நானும் எட்டிப் பார்த்தேன். 'உள்ளே செருப்புச் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள்'. அவ்வளவுதான். அதற்குக் கீழே வெள்ளை. கடைசி இரண்டு அத்தியாயத்தைக் காணோம். என் அருமை அண்ணன் 'இதுதான் முடிவு' என்று கொட்டை எழுத்தில் இருந்ததை விட்டுவிட்டு வெறும் 'முடிவை' ஏற்றியிருக்கிறான். நானும் அண்ணியும் என் கடைப் பிரதியையே பார்த்துக்கொண்டிருந்தோம், இணையத்தில் ஏறியதைத் திறந்து பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை.

எனக்கு முதலில் உறைக்கவில்லை. உறைத்ததும் கரடியாகக் கத்தினேன். "அடப்பாவிகளா! இல்லாத கடைசி அத்தியாயத்தைப் படிச்சா நாலு பேர் அழுதாங்க? கண்ணு குளமாச்சாம்ல குளம்!"

அண்ணி கத்தவில்லை. விமர்சனங்களை மேலே தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். "என்னங்க, இது நீங்க எழுதினது. 'முடிவு நெஞ்சைத் தொட்டது.' கதவைத் திறக்கறது யாருங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அது... அந்த ஆள்தானே? திட்டறவன்?"

"இல்ல."

"வேலை ஜாஸ்தி இருந்துச்சும்மா. பாதிக்கு மேல படிச்சேன், சத்தியமா. உனக்கு நல்லது நடக்கணும்னுதானே..."

அப்போதுதான் நான் கேட்டேன், என் அண்ணி குரல் உயர்ந்ததை. "எனக்கு என்ன நல்லது? வாசல்ல ஒரே ஒருத்தர் வந்து நின்னாரு! தாழ்ப்பாள் வரைக்கும் வந்தாரு! அவரை ஊரைக் கூட்டி விரட்டிட்டு வந்து நல்லதுங்கறீங்களா? தெனமும் நான் கேக்கறது என்னன்னு நெனச்சீங்க? மெஷினை ஓட்டினவங்கதான் எனக்குப் போன் பண்றாங்க. வாங்கி மூலையில போட்டவங்க யாரும் பண்றதில்ல. திட்டறவரு படிச்சவரு. இது உங்களுக்குத் தெரியலையா?"

அந்தக் குரலைக் கேட்டு எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார். என்னை எதிர்பார்த்திருப்பார்.

சூட்டோடு சூடாக அண்ணி தலைவரைக் கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் போட்டார்.

"சொல்லுங்க மேடம். உங்க புத்தகம் பிரமாதமா போகுது போலயே! அந்தக் கடைசி அத்தியாயம் இன்னும் மனசுலயே நிக்குது."

"நன்றி சார். அதுல என்ன நடக்குது?"

"அதைத்தான் மேடம் வாசகர் கிட்டயே விட்டுட்டீங்களே! அதான் அழகு."

"அந்த அத்தியாயம் புத்தகத்துலயே இல்ல சார். தப்பா ஏத்திட்டோம்."

மனுஷன் அசருவார் என்று பார்த்தேன். "அப்படியா? சத்தமில்லாம மாத்திடுங்க. யாருக்குத் தெரியப்போகுது? இதையெல்லாம் பெரிசு பண்ணாதீங்க மேடம். நாங்க படிச்சா கொடுத்தோம், கை தூக்கி விடறதுக்குக் கொடுத்தோம்."

"கைய எடுங்க சார்," என்றார் அண்ணி. போனை வைத்துவிட்டுக் குழுவிலிருந்து வெளியே வந்தார். எனக்கு ஓடிப் போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

கொடுத்த கைகளுக்குத் திரும்ப எடுக்கவும் தெரிந்திருந்தது. இரண்டே நாளில் ஐந்துகள் எல்லாம் உதிர்ந்தன. அண்ணி உட்கார்ந்து படித்துப் படித்து அவர்கள் புத்தகங்களுக்கு எழுதினாரே, அதற்கு ஒருவராவது நன்றி சொன்னார்களா? ஒருவர் மட்டும், 'உங்களைப் போன்றவர்களால்தான் எழுத்துலகம் கெடுகிறது' என்று செய்தி அனுப்பினார். நான் வாய்க்கு வந்தபடி பதில் அனுப்பலாம் என்று போனைப் பிடுங்கினேன். அண்ணி கொடுக்கவில்லை. கடைசியில் புத்தகத்தின் பக்கத்தில் மிச்சம் நின்றது அண்ணனின் 'நெஞ்சைத் தொட்டது' ஒன்றுதான். அதை அவனே அழித்தான். அதன் பிறகு என் கடைக்கு வந்து அந்த நாவலின் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு போனான்.

அண்ணி சரியான கோப்பைத் தன் கையாலேயே ஏற்றினார். முன்பே வாங்கியவர்களுக்குத் திருத்திய பிரதி தானாகப் போய்ச் சேரும் என்று இணையக் கடை சொன்னது. ஆனால் பழைய ரேடியோவுக்கு அதை எப்படித் தெரிவிப்பது? பெயர் தெரியாது, ஊர் தெரியாது. அவர் எழுதிய விமர்சனமே இப்போது பக்கத்தில் இல்லை. புத்தகத்தைப் பற்றி நாலு வரி போடுகிற இடத்தில், மற்றவர்கள் தங்களைத் தாங்களே புகழ்ந்துகொள்கிற அந்த இடத்தில், அண்ணி இப்படிப் போட்டார்: 'பழைய ரேடியோ அவர்களுக்கு. உங்கள் புகார் நியாயமானது. கடைசி இரண்டு அத்தியாயங்கள் விடுபட்டது எங்கள் தவறு. உங்கள் கருத்தை அழித்ததும் எங்கள் வீட்டார்தான். கதவு இப்போது திறந்திருக்கிறது. முடிந்தால் உள்ளே வாருங்கள்.'

"இப்படித் தன் மானத்தைத் தானே கப்பலேத்தறவங்களை நான் பார்த்ததே இல்ல," என்றான் அண்ணன். ஆனால் தடுக்கவில்லை.

வாரங்கள் போயின. ஒன்றுமில்லை. எனக்கு அந்த ஆள் மேலும் கோபம் வந்தது. ஒரு தடவை விரட்டினால் அப்படியே போய்விடுவதா? ரோஷக்காரன்! அண்ணியோ எழுதுகிற பேச்சையே எடுப்பதில்லை. ஆபீஸில் பதவி உயர்வுக்குப் பயிற்சி வகுப்பு இருக்கிறதாம், சேரலாமா என்று யோசிக்கிறேன் என்றார். மன்னிப்புக் கேட்கிறவர்களுக்கு மன்னிப்புக் கேட்கச் சொல்லிக் கொடுக்கிற பதவி. நான் என் கடையில் இருந்த புத்தகக் குறிகளை எல்லாம் சுருட்டி அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டினேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம். மாடியில் மூன்று பேரும் சாப்பிட்டு எழுந்த நேரம். அண்ணனின் போன் கிணுகிணுத்தது. பார்த்தான். முகம் சிவந்தது. "அவன்தான். மறுபடியும்."

"எத்தனை?" என்றேன்.

"ரெண்டு."

அவன் கட்டை விரல் தன் பாட்டுக்கு அந்தப் புகார் பொத்தானை நோக்கி இறங்கியது. அண்ணி பளாரென்று கையில் ஒன்று வைத்தார். போன் மேஜையில் விழுந்தது. அதை எடுத்து அவரே சத்தமாகப் படித்தார்.

"என் கருத்தை அழித்தவர்களுக்கு வெட்கமாக இல்லையா? வந்திருக்கவே மாட்டேன். கதவைத் திறந்தது யார் என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, அதனால் வந்தேன். திறந்தது அவனுடைய தாய். அந்த இடம் பிரமாதம். அதற்காக ஒரு நட்சத்திரம் கூட்டியிருக்கிறேன். ஆனால் அதற்கு அப்புறம்? 'ஏன் என்னைத் திட்டுகிறாய்' என்று கேட்கத்தானே இவள் இத்தனை படி ஏறி வந்தாள்? அவனை நேரில் பார்த்ததும் இவளே மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறாள். எதற்கு மன்னிப்பு? இவள் என்ன தப்பு செய்தாள்? எழுதியவர் கடைசியில் பயந்துவிட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது."

நான் அண்ணியைப் பார்த்தேன். முகம் இறுகியிருந்தது. உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்து எழுந்தேன்.

"நானா பயந்தேன்?" என்றார். "யாரு பயந்தது? இந்த ஆளுக்கு என்ன தெரியும்? காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிப் பார்க்கட்டும், அப்பறம் தெரியும்! அது தானா வந்து விழும்! அவ வாயிலயும் அது தானாத்தான்..."

பாதியில் நிறுத்தினார். போனைத் திரும்பப் பார்த்தார்.

அண்ணன் மெதுவாகச் சொன்னான். "எனக்கும் அந்த இடத்துல கோவம் வந்துச்சும்மா. அவ ஏன் மன்னிப்புக் கேக்கறான்னு."

"படிச்சீங்களா?"

"ரெண்டு தடவை."

அண்ணி மேஜை மேல் இருந்த தட்டுகளை ஒரு பக்கமாகத் தள்ளினார். ஒரு கிண்ணம் கீழே விழுந்தது. அதற்கு அவர் ஸாரி சொல்லவில்லை. தன் போனை எடுத்து 'இதுதான் முடிவு' என்ற கோப்பைத் திறந்து, கடைசி அத்தியாயத்துக்குப் போய், அவள் மன்னிப்புக் கேட்கிற இடத்திலிருந்து அழிக்க ஆரம்பித்தார்.

"பட்டாசு," என்றார் தலை நிமிராமல், "நீ கோவம் வந்தா மொதல்ல என்ன சொல்லுவே?"

சொன்னேன். மூன்றாவது மாடியிலிருந்து என் கடை வரைக்கும் கேட்டிருக்கும். அண்ணி எழுதிக்கொண்டே இருந்தார். அண்ணன் விழுந்த கிண்ணத்தை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு வந்து, கொஞ்சம் தயங்கி, "முடிஞ்சதும் நான் ஏத்திக் கொடுக்கவா?" என்று கேட்டான்.

"நீங்க தொடாதீங்க," என்றார் அண்ணி.